‘கையால் தைத்த அசல் தோல்’ என்பதைப் பில்லில் எழுதித் தரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் காலணிக் கடைகளின் பெயர்ப்பலகைகளிலும், முகூர்த்த மாதங்களில் செய்தித்தாளோடு செருகி வரும் துண்டறிக்கைகளிலும் ‘கையால் தைத்த அசல் தோல் ஷூ’ என்னும் வாசகம் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. அந்த வாசகத்தை நம்பி நானும் ஒரு ஜோடி வாங்கினேன். பிரித்துப் பார்த்தபோது அதில் ‘ஷூ’ என்ற ஒரு சொல்லுக்கு மட்டுமே ஆதாரம் இருந்தது. காலணியில் என்னென்ன பொருள்கள் இருக்கின்றன, அடிப்பாகம் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்ற இரண்டையும் கடைக்காரர்கள் பில்லிலேயே எழுதித் தர வேண்டும் என்று கேட்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஓரிரு வரிகள். திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், 27 ஆண்டுகள் தரம் பிரிக்கும் வேலை பார்த்துவிட்டு, இப்போது மகனோடு திருநகரில் வசிக்கிறேன். பதப்பட்ட தோலை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, முள் கீறியது எது, உண்ணி கடித்த தழும்பு எது, உரித்தவரின் கத்தி ஆழப் பதிந்த இடம் எது என்று பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம் என அடுக்கி வைப்பதே என் பிழைப்பாக இருந்தது. அப்படிப்பட்ட நானே ஏமாந்தேன். கல்யாண அவசரம், கண்ணைக் கூசும் கடை விளக்கு, வெட்டு விளிம்பு எங்குமே வெளியில் தெரியாதபடி மடித்து ஒட்டிய சாமர்த்தியம் என்று காரணங்கள் சொல்லிக்கொள்ளலாம். ஆனாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இளைய மகனின் திருமணத்துக்காக 4,200 ரூபாய் கொடுத்து வாங்கிய ஷூ அது. மொத்தமாக ஒரு பதினைந்து, இருபது முறை அணிந்திருப்பேன். சென்ற ஐப்பசியில் பெரியார் பேருந்து நிலையத்துக்கு எதிரே கணுக்கால் அளவுத் தண்ணீரில் நடந்து வீடு வந்த மறுநாள், வலது ஷூவின் முன்பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கடைக்குக் கொண்டுபோனேன். “மழைத் தண்ணியில நடந்தா எந்த லெதரும் அப்படித்தான் சார்” என்று விற்பனைப் பையன் சொன்னான். அது உண்மையானால், சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது ஆட்டுத்தோல் பையில் நாள் முழுக்கத் தண்ணீரை நிரப்பிப் பீய்ச்சுகிறார்களே, அந்தப் பைகள் எல்லாம் வைகைக் கரையிலேயே பிய்ந்து விழ வேண்டும். பையனைச் சொல்லிக் குற்றமில்லை. அவனுக்கு யாரும் எதுவும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில், நான்கடி அகலக் கடையில் உட்கார்ந்து ஷூ தைக்கும் பெரியவர் ஒருவரிடம் அதை எடுத்துப்போனேன். எழுபது வயதைத் தொட்டவர். ஷூவைத் திருப்பி, அடி விளிம்பைச் சுற்றி வரிசையாகத் தெரிந்த வெள்ளைத் தையலின் மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். நூல் நெருடவில்லை. “இத யாரு சார் கையால தச்சது? அச்சுல ஊத்தின தையல் இது” என்றார். சோலை அச்சில் வார்க்கும்போதே தையல் போன்ற மேடு பள்ளங்களையும் சேர்த்து வார்த்து, அவற்றின் மேல் வெள்ளை வண்ணம் தடவியிருக்கிறார்கள். சோலின் விளிம்பைச் சுற்றி ஓடும் அந்த ஓரப்பட்டையில் ஒரு நூல்கூட ஊடுருவிப் போகவில்லை. மேல்பகுதியும் சோலும் வெறும் சொல்யூஷன் பசையால் ஒட்டப்பட்டிருந்தன. பிறகு சிறிய கத்தியால், பாதம் படியும் உள்ளடியைக் கிளப்பினார். ஈரத்தில் ஊறிப் பொருமிய அட்டை, பழைய நோட்டுப் புத்தகத்தின் மேலட்டை போலப் பொறை பொறையாகப் பிரிந்து வந்தது. குதிகாலைச் சுற்றி உள்ளே வைக்கும் விறைப்புத் துண்டும் அட்டைதான். உள் லைனிங் ரெக்ஸின். கடைசியில் மேல்தோலின் ஓரத்தை வெட்டி என் கையில் தந்தார். தோல்தான், ஆனால் எந்தத் தோல் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு மாட்டுத்தோலை இயந்திரத்தில் கொடுத்து, தடிமனை இரண்டு மூன்று படலமாகப் பிளக்க முடியும். மயிர்க்கால் இருந்த மேல் படலத்தில் இழைகள் நுண்ணியவையாக, நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும். தோலுக்கு உள்ள வலுவும், வளைத்தால் விரிசல் விடாத தன்மையும், பல ஆண்டு மெருகேறும் அழகும் பெரும்பாலும் அதில்தான் இருக்கின்றன. கீழே, சதைப் பக்கம் உள்ள படலத்தில் இழைகள் தளர்ந்து கிடக்கும். அந்தக் கீழ்ப் படலத்தின் மேல் பிளாஸ்டிக் பூச்சை ஏற்றி, மயிர்க்கால் கோலத்தை அச்சழுத்தி, ‘அசல் தோல்’ என்று விற்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் கொடுத்தாலும் தோல் என்றுதான் விடை வரும். ஆகவே சொல்லளவில் பொய் இல்லை. ஆனால் நெல்லைக் கேட்டவனுக்கு உமியை அளந்துவிட்டு, இதுவும் நெல்லிலிருந்து வந்ததுதானே என்று சொல்வது போன்றது அது. அடையாளம் காண வழி உண்டு. உண்மையான மேல் படலத் தோலில் மயிர்க்கால் புள்ளிகள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் இருக்கும்; அச்சழுத்தியதில் ஒரே கோலம் திரும்பத் திரும்ப வரும். கட்டைவிரலால் அழுத்தினால் மேல் படலத் தோலில் மெல்லிய சுருக்கங்கள் விரலைச் சுற்றிப் பரவி, விரலை எடுத்ததும் மறையும்; பூச்சுத் தோல் பெரும்பாலும் மொத்தமாகக் குழியும். எங்கள் தோல் ஷாப்பில் முள் கீறலைக் குறையாக எண்ணித் தோலை இரண்டாம் தரத்தில் போட்டோம். இன்று கடையில் ஒரு ஷூவில் சிறு கீறல் தழும்பைக் கண்டால், இது உயிருள்ள ஆட்டின் மேலோ மாட்டின் மேலோ இருந்த தோல் என்று நம்பிக்கை வருகிறது!

பதனிடும் முறையைப் பற்றியும் ஒரு குழப்பம் நிலவுகிறது. ‘ரசாயனத் தோல் மட்டம், பட்டைத் தோல் உசத்தி’ என்று விவரம் தெரிந்தவர்களே பேசக் கேட்டிருக்கிறேன். இரண்டிலும் வேலை பார்த்தவன் என்ற முறையில் அதை நான் ஏற்கவில்லை. சுண்ணாம்புக் குழியில் மயிர் நீக்கி, சதை வழித்த ஆட்டுத்தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, கடுக்காய் நீரில் முடித்து, எண்ணெயிட்டு நிழலில் உலர்த்தும் பழைய முறைக்கு வாரக் கணக்கில் நாள் பிடிக்கும். திண்டுக்கல்லும் திருச்சியும் பேர் வாங்கியது இந்தத் தோலால்தான். சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் சந்தைக்குப் போனதால் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்றே அதற்குப் பெயர் நிலைத்து, பின்னாளில் புவிசார் குறியீடும் கிடைத்தது. குரோமிய உப்பைப் போட்டு டிரம்மில் சுழற்றும் முறையிலோ ஓரிரு நாளில் தோல் பதப்பட்டு நீல நிறத்தில் வெளியே வந்துவிடும். குரோம் தோல் மெத்தென்று இருக்கும், கொதிநீர்ச் சூட்டையும் ஏறக்குறைய தாங்கும், சாயத்தைச் சீராகப் பிடிக்கும். பட்டைத் தோல் விறைப்பானது, வியர்வையை உறிஞ்சும், ஈரமும் சூடும் பட்டுப்பட்டுக் காலின் வடிவத்துக்கு மெல்லப் படியும். ஆகவே மேல்பகுதிக்குக் குரோம் தோலும், உள்ளடிக்கும் அடித்தோலுக்கும் பட்டைத் தோலும் என்பதுதான் நல்ல ஷூக்காரரின் கணக்கு. சிம்மக்கல் பெரியவரும் அப்படித்தான் செய்கிறார்: மேலே கன்றுத்தோல், உள்ளே வெள்ளாட்டுத்தோல் லைனிங், கீழே எருமைத்தோல். செம்மறித்தோலை லைனிங்குக்குக்கூட வைக்க மாட்டேன் என்கிறார். செம்மறியின் தோலில் கொழுப்பு அதிகம். அது நீங்கிய பின் இழைகளுக்கிடையே இடைவெளி விழுந்து, உராயும் இடத்தில் சீக்கிரம் பொறுக்கு விடும் என்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி.

சித்திரை, வைகாசி வெயிலில் காலையிலிருந்து மாலை வரை ஷூ போட்டிருக்கும் வழக்கறிஞரோ காவலரோ, அட்டை உள்ளடிக்கும் தோல் உள்ளடிக்கும் உள்ள வேறுபாட்டை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். ரெக்ஸின் லைனிங்குக்குள் வியர்வை போக வழியில்லை. அட்டை அதை உறிஞ்சி நொய்ந்துபோகிறது. நாற்றம், புண், காலுறையில் சாயம் எல்லாம் அங்கிருந்து தொடங்குகின்றன.

இனி ‘கையால் தைத்தது’ என்பதற்கு வருகிறேன். மேல்பகுதித் துண்டுகளைத் தையல் இயந்திரத்தில் இணைத்துவிட்டு, அதைக் கையால் நகர்த்திக் கொடுத்ததால் கைத்தையல் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஷூவில் கைத்தையல் என்றால் அடிப்பாகத்தைப் பொருத்தும் தையலையே குறிக்க வேண்டும். ஷூவின் ஆயுள் அதில்தான் தொங்குகிறது. பெரியவர் வேலை செய்வதை இரண்டு பகல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் நனைத்த உள்ளடித் தோலைக் கால் வடிவக் கட்டையின் அடியில் ஆணியடித்துப் படியவைக்கிறார். அது காய்ந்ததும் விளிம்பைச் சுற்றிக் கத்தியால் இரண்டு கீறல் இட்டு, நடுவில் ஒரு வரப்பு நிற்கும்படி செதுக்குகிறார். மேல்பகுதியைக் குறடால் கட்டையின் மேல் இழுத்து, சுருக்கம் போகப் போக ஆணி அடித்து நிறுத்துகிறார். அதன்பின் ஓரப்பட்டையை வைத்து, வளைந்த குத்தூசியால் ஓரப்பட்டை, மேல்பகுதி, உள்ளடி வரப்பு மூன்றையும் துளைத்து, மெழுகேற்றிய நூலின் இரு முனைகளையும் ஒரே துளையில் எதிரெதிராக விட்டு, இரண்டு கையாலும் இழுத்து இறுக்குகிறார். ஒவ்வோர் இழுப்புக்கும் மூச்சை அடக்கிக்கொள்கிறார். இரு நூலும் துளைக்குள் பின்னிக்கொள்வதால் ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது தனியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். உள்ளே உண்டான பள்ளத்தைத் தக்கைத்தூளும் பசையும் கலந்து நிரப்பி, அதன்மேல் அடித்தோலை வைத்து, ஓரப்பட்டையோடு இரண்டாவது தையல் போடுகிறார். அடி தேய்ந்தால் அந்த இரண்டாவது தையலை மட்டும் பிரித்தால் போதும். மேல்பகுதிக்கு எந்தச் சேதமும் இல்லாமல் புது அடி போடலாம். 1996-இல் அவரிடம் நான் தைத்து வாங்கிய கறுப்பு ஷூவுக்கு இதுவரை மூன்று முறை அடி மாற்றியாயிற்று. இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அதை விட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் புதுசு தேடிப் போனது என் புத்தி.

விலை உயர்ந்த கடைகளில் ‘குட்இயர் வெல்ட்’ என்று சொல்கிறார்கள். டயர் நிறுவனம் ஷூ செய்கிறதா என்று என் மருமகள் கேட்டாள். ரப்பரைப் பதப்படுத்தும் முறையைக் கண்டறிந்த சார்லஸ் குட்இயரின் மகன், 1870-களை ஒட்டி, மேற்சொன்ன ஓரப்பட்டைத் தையலை இயந்திரத்தில் போடும் வழியைக் கொண்டுவந்தார். பெயர் அங்கிருந்து வந்தது. நல்ல முறைதான், அடி மாற்றவும் முடியும். ஆனால் அதில் பெரும்பாலும் உள்ளடித் தோலில் வரப்பைச் செதுக்குவதில்லை. துணியாலான வரப்பு ஒன்றை உள்ளடியின் அடியில் பசையால் ஒட்டி, அதில் தைக்கிறார்கள். ஆகத் தையலின் பலம் கடைசியில் பசையின் பலத்தில் போய் நிற்கிறது. கைத்தையலுக்கும் இதற்கும் விலை வேறுபாடு ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஒட்டு ஷூவை நான் முற்றாக ஒதுக்கவில்லை. நல்ல பசையும் நல்ல சோலும் இருந்தால் இரண்டு மூன்று ஆண்டு உழைக்கும், எடையும் குறைவு. அறுநூறு ரூபாய்க்கு ரெக்ஸின் ஷூ என்று சொல்லியே விற்பவர் என்னைப் பொறுத்தவரை யோக்கியர். ஆனால் பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக் வகைச் சோலில் ஒரு சங்கடம் உண்டு, அதையும் யாரும் சொல்லி விற்பதில்லை. காற்றின் ஈரப்பதம் அந்தச் சோலின் வேதிப் பிணைப்புகளை உள்ளிருந்தே சிதைக்கிறது. அணியாமல் பெட்டிக்குள் பூட்டி வைத்தாலும் சில ஆண்டுகளில் உளுத்துப்போகிறது. விசேஷத்துக்கு மட்டும் போடலாம் என்று பீரோ அடியில் பத்திரப்படுத்திய ஷூ, மண்டபத்தில் பந்தி விசாரித்துக்கொண்டிருக்கும்போது ஊறிய ரஸ்க் போல உதிர்ந்து, தரையெல்லாம் கறுப்புத் துணுக்காகக் கிடந்ததை என் சம்பந்தி வீட்டில் கண்ணால் பார்த்தேன். மனிதர் வெறுங்காலோடு வாசலில் நின்று வந்தவர்களை வழியனுப்பினார்.

மேற்சொன்ன வேறுபாடுகளில் ஒன்றைக்கூட இன்றைய பெட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பெட்டியின் மேல் விலை இருக்கிறது, அளவு இருக்கிறது, தயாரித்த மாதம் இருக்கிறது. உள்ளே இருப்பது மேல் படலத் தோலா, பூச்சேற்றிய கீழ்ப் படலமா, உள்ளடி தோலா, அட்டையா, அடி தைத்ததா, ஒட்டியதா என்பது மட்டும் இல்லை. ஐரோப்பிய நாடுகளில் 1994-இல் கொண்டுவந்த நெறிமுறைப்படி, ஷூவின் மேல்பகுதி, உட்பகுதி, அடிப்பகுதி மூன்றுக்கும் தனித்தனியாக, எந்தப் பொருள் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்கிறதோ அதைச் சிறு படக்குறியால் காட்ட வேண்டும். விரித்த தோல் வடிவம் என்றால் தோல். அதற்குள் ஒரு சாய்சதுரம் இருந்தால் பூச்சேற்றிய தோல். பூச்சு 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினாலே அந்தச் சாய்சதுரத்தைப் போட்டாக வேண்டும். ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் அந்த நாடுகளுக்காகத் தைக்கும் ஷூக்களுக்கு இதே குறிகள் தேவைப்படுகின்றன. அதே தமிழ்நாட்டில், மதுரைக்காரன் வாங்கும் ஷூவுக்கு மட்டும் அந்தத் தகவல் ஏன் வேண்டாததாகிவிட்டது?

நம் நாட்டின் பிற மாநிலங்களையே பார்ப்போம். கோலாப்பூர்ச் செருப்பு என்றால் எது என்பதை, மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலுமாக எட்டு மாவட்டங்களை வரையறுத்துப் புவிசார் குறியீட்டில் பதிந்து வைத்திருக்கிறார்கள். 2025-இல் இத்தாலியின் பிராடா நிறுவனம் அதே சாயலில் செருப்பை மேடையேற்றியபோது, இது எங்கள் செருப்பு என்று அந்தக் கைவினைஞர்களால் உரத்துச் சொல்ல முடிந்ததற்கு அந்த வரையறையும் ஒரு காரணம். ‘கையால் தைத்தது’ என்பதற்கு நம்மிடம் அப்படி ஒரு வரையறை இல்லாததால், நாளெல்லாம் உட்கார்ந்து கையால் தைப்பவரும், வார்த்த தையலுக்கு வெள்ளையடிப்பவரும் ஒரே வாசகத்தை ஒரே தெருவில் எழுதி வைக்கிறார்கள். விலையில் முன்னவர் தோற்றுப்போகிறார். ஒரு ஜோடிக்கு அவருக்கு மூன்று நாள் உழைப்பு. தோல் மண்டியில் இரண்டு மூன்று சதுர அடி என்று சில்லறையாகக் கேட்டால் கொடுப்பார் இல்லை. பெரியவரின் இரு மகன்களும் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. தோலைத் தொட்டவர்களைத் தலைமுறை தலைமுறையாக நாம் நடத்திய விதத்தை நினைத்தால், வரவேண்டும் என்று கேட்க எனக்கு வாய் எழவில்லை. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தருகே காவல் நிற்கும் மதுரை வீரனைச் செருப்புத் தைக்கும் வீட்டார் எடுத்து வளர்த்ததாகக் கதை சொல்லிக்கொண்டே, அந்தத் தொழிலைச் செய்கிறவரைத் திண்ணையோடு நிறுத்திய ஊர் இது.

ஆகவே என் கோரிக்கை சிறியது. புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தவறாக வழிநடத்தும் விளம்பரத்தை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஏற்கெனவே தடை செய்கிறது. 1915 என்ற தொலைபேசி எண்ணில் புகாரும் செய்யலாம். ஆனால் வாசகம் பலகையில் மட்டும் இருந்து பில்லில் இல்லாவிட்டால், வாங்கியவர் கையில் ஆதாரம் இல்லை. என் பில்லில் ‘ஜென்ட்ஸ் ஷூ – 1’ என்று மட்டுமே இருந்தது. எனவே காலணி வணிகர்கள் தாமாகவே முன்வந்து, இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் விற்கும் ஒவ்வொரு ஜோடிக்கும் மேல், உள், உள்ளடி, அடி ஆகிய நான்கின் பொருளையும், அடியைப் பொருத்திய முறையையும் தமிழில் பில்லில் எழுதித் தர வேண்டும். வாங்குபவர்களும் கேட்டு வாங்க வேண்டும். எழுதித் தர மறுக்கும் கடையில் அந்த விலை கொடுக்கத் தேவையில்லை.

சென்ற வாரம் பெரியவரிடம் ஒரு ஜோடிக்கு அளவு கொடுத்தேன். பில் புத்தகம் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அவர் கடை பெரிதல்ல. கேட்டதும் நாட்காட்டித் தாளைக் கிழித்து, அதன் பின்புறத்தில் இப்படி எழுதிக் கொடுத்தார்: ‘மேல் கன்னுத்தோல் குரோம். உள் வெள்ளாடு. உள்ளடி எருமை பட்டைத்தோல். அடி அதே. ஹீல் தோல் அடுக்கு, கடைசி அடுக்கு ரப்பர். கைத்தையல் ரெண்டு சுத்து. முன்பணம் 1,500.’ எழுதி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தத் தாளின் நகலை இக்கடிதத்தோடு இணைத்திருக்கிறேன்; இடம் இருந்தால் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருநகர், மதுரை.